மூன்று தாழ்ப்பாள்

சுவரிலிருந்து உரித்துக்கொண்டு வந்த நோட்டீஸில் பசை இன்னும் காயவில்லை. வெங்காயக்கார அக்கா அதை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து என் மேஜைமேல் விரித்தாள். விரித்த வேகத்தில் அது மேஜைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை காலை, மனு வாங்கும் நேரம். வார்டு அலுவலகம் என்று பெயர்தான் பெரிது. முன்பு சைக்கிள் நிறுத்துமிடமாக இருந்த அறை அது. ஒரு மேஜை, ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி, மழை பெய்தால் சரியாக என் தலைக்கு மேல் ஒழுகும் கூரை. ஊர் ஒழுகலையெல்லாம் அடைக்கிறேன் என்று ஓட்டு வாங்கியவளின் தலையிலேயே ஒழுகுகிறது என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நோட்டீஸைப் படித்தேன். சந்தைக்குப் பின்புறம் உள்ள பெண்கள் கழிப்பறைக் கட்டடம் பயன்பாட்டுக்குத் தகுதியற்றது என்றும், மன்றத் தீர்மானம் எண் முப்பத்தொன்றின்படி இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி இடிக்கப்படும் என்றும் அதில் இருந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் கச்சிதம். நான் உறுப்பினராக இருக்கும் மன்றம். போன கூட்டத்தில் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவையை விட்டு வெளியே போகாமல் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொன்றாம் தீர்மானம் என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

"நாங்க தாழ்ப்பாள்தானே கேட்டோம்?" என்றாள் அக்கா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கடைக்குப் போன பிள்ளை எதையோ மாற்றி வாங்கி வந்துவிட்டால் கேட்பதுபோல் கேட்டாள்.

சந்தையில் அறுபது எழுபது பெண்கள் கடை போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இருப்பது அந்தக் கட்டடம் ஒன்றுதான். மூன்று கதவு, மூன்றிலும் தாழ்ப்பாள் கிடையாது. எப்போது போனது என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு தரம் பெண்களே சேர்ந்து கொக்கி வாங்கி மாட்டினார்கள். பொதுக் கட்டடத்தில் அனுமதியில்லாமல் துளை போட்டதாகச் சொல்லி மன்றத்து ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். கழற்றிய துளை மட்டும் கதவில் இருக்கிறது. அதனால் யாரும் தனியாகப் போவதில்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்குக் காவல் என்று பெயர். "காவலுக்கு வரியா?" என்று கேட்டால் தராசில் வைத்த சரக்கை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். வேண்டியவள், வேண்டாதவள் என்ற பேச்சே அதில் இல்லை. வருஷக்கணக்காக முகம் பார்க்காத இரண்டு பேர்கூட காவலுக்கு மட்டும் வந்து நின்றுவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பிப் போவார்கள். உள்ளே போகிறவள் பையை வெளியே நிற்பவளிடம் கொடுப்பாள். கொஞ்சத்துக்கு ஒரு தரம் உள்ளேயிருந்து "இருக்கியா?" என்பாள். வெளியே நிற்பவள் "இருக்கேன்" என்பாள். அந்தப் பதில் ஒரு நொடி தாமதமானால் போதும், உள்ளே இருப்பவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

இதெல்லாம் நான் மனுவில் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. கவுன்சிலர் ஆவதற்கு முன் பதினான்கு வருஷம் அந்தச் சந்தையின் ஓரத்தில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் வயிற்றில் இருந்தபோது ஒரு நாளைக்கு எட்டு தரம் ஓட வேண்டியிருந்தது. எட்டு தரமும் காவலுக்கு வந்தது இந்த அக்காதான். எடை போடச் சொல்லி நிற்பவர்களிடம் "இருங்க, டெய்லருக்கு அவசரம்" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வருவாள். எனக்கு மானம் போகும். தேர்தலில் நின்றபோது எனக்காக வீடு வீடாக ஏறி இறங்கியதும் அவள்தான். ஜெயித்த பிறகு நாலு பேர் நடுவில் என்னைக் "கவுன்சிலரம்மா, நீங்க" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள். தனியாக இருந்தால் பழைய டெய்லர்தான், பழைய நீதான்.

மூன்று மாதத்துக்கு முன் மனு கொண்டுவந்ததும் அவள். சாமான் வாங்க வருகிறவர்களையும் சேர்த்து நூற்றெண்பது பேர் கையெழுத்து, அதில் பாதி கைநாட்டு, இரண்டு தாளுக்கு நடுவில் வெங்காயச் சருகு. கேட்டது மூன்று தாழ்ப்பாளும் ஒரு பல்பும். காலையில் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்தால் கடை கட்டும்வரை தொண்டையை நனைப்பதில்லை என்றும், இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் திட்டினார் என்றும் அன்றைக்குச் சொன்னாள். "மூணு தாழ்ப்பாளுக்கு ஒரு மனுவா? பதினஞ்சு நாள்ல போட்டுடலாம்கா" என்று நான் பெரிய மனுஷியாட்டம் சொன்னேன். அவள் நம்பிப் போனாள்.

இப்போது எதிரே நின்றுகொண்டிருந்தாள். இந்தக் கட்டடம் போனால் அடுத்தது பஸ் நிலையத்தில்; போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம், அதுவரை கடையை யார் பார்ப்பது? "பார்க்கறேன்கா" என்றேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"நீ எதுத்துதான் பேசியிருப்ப, எனக்குத் தெரியாதா? அத்தனை பேருக்கு நடுவுல நீ ஒருத்தி என்ன பண்ணுவ."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் ஆட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை, சும்மா ஆட்டினேன் என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது பொய். ஆமாம் என்றுதான் ஆட்டினேன். அவள் போன பிறகு நோட்டீஸைக் கண்ணாடியிலிருந்து பிய்க்கப் பார்த்தேன். துண்டு துண்டாக வந்தது. தீர்மான எண் இருந்த மூலை மட்டும் வரவே இல்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, அதன்மேல் மனுப் பதிவேட்டை வைத்து மூடினேன்.

மாலையில் சந்தைப் பக்கம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அதற்குள் என் தலையாட்டலுக்குக் கை கால் முளைத்திருந்தது. மன்றத்தில் நான் மேஜையைத் தட்டினேனாம். தலைவர் உட்காரச் சொன்னாராம், முடியாது என்றேனாம். மைக்கை அணைத்தார்களாம், அணைத்த பிறகும் பேசினேனாம். டீக்கடைக்காரர் தன் போனை எடுத்து எல்லோருக்கும் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அது நானே பரப்பிய படம். போன கூட்டத்துக்கு என் வீட்டுக்காரர் பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்து எடுத்தது. மற்றவர்களை வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்து, 'உங்கள் குரலாக, உங்கள் மன்றத்தில்' என்று மேலே எழுதி வார்டு முழுக்க அனுப்பியிருந்தேன். "பாருங்க, கையை ஓங்கிக்கிட்டு எப்படிக் கேக்குதுன்னு" என்றார் டீக்கடைக்காரர். படத்தில் என் வலது கை உயர்ந்திருந்தது, விரலிடுக்கில் பேனா. பின்னால் சுவரில் இருந்த திரையில் இருபது முதல் நாற்பத்து நான்கு வரை என்ற எழுத்து பாதி தெரிந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. எங்கள் மன்றத்தில் முதல் பத்துப் பதினைந்து தீர்மானங்களுக்குத்தான் பேச்சும் சண்டையும். மீதி எல்லாம் ஒரு மூட்டை. செயலாளர் எண்களை மட்டும் வாசிப்பார், தலைவர் ஏற்கப்படுகிறதா என்பார், நாங்கள் கை தூக்குவோம். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு வாரம் முன்பே இருநூறு பக்கத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். என் வீட்டில் அந்த இருநூறு பக்கம் தையல் மெஷின்மேல் இருந்தது. அன்று அந்த மூட்டை வந்த நேரத்தில் நான் தெருவிளக்கு பற்றிப் பேசப்போகும் இரண்டு நிமிஷப் பேச்சுக்கு அடுக்குமொழி தேடிக்கொண்டிருந்தேன். எல்லோரும் தூக்கினார்கள், நானும் எழுதுவதை நிறுத்தாமல் நிமிர்ந்து தூக்கியிருக்கிறேன். டீக்கடைக்காரர் சர்க்கரை தூக்கலாகப் போட்டு ஒரு டீ கொடுத்தார். எல்லோரும் பார்க்க நின்று குடித்தேன்.

மறுநாள் காலை மன்ற அலுவலகத்துக்குப் போனேன். கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுகிறவரை நாங்கள் எல்லோரும் மினிட்ஸ் என்றே கூப்பிடுவோம். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறார். நாங்கள் கத்தியதை எல்லாம் 'உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்' என்று ஒரே வரியில் அடக்கிவிடும் மனுஷர். கோப்பைக் கேட்டேன், எடுத்து வைத்தார். இடிக்க வேண்டிய கட்டடங்கள் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதியிருந்தது. எங்கள் கட்டடத்துக்கு எதிரே, 'வார்டு உறுப்பினரின் கடிதம், பக்கம் ஆறு'. ஆறாம் பக்கத்தைத் திருப்பினேன். என் கடிதம். என் கையெழுத்து, அதற்குக் கீழே நான் ஆசையாகச் செய்துகொண்ட ரப்பர் முத்திரை.

நான் மன்றத்துக்கு வந்த முதல் மாதம் மூத்த உறுப்பினர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அது. தாழ்ப்பாள் இல்லை என்று எழுதினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கட்டடமே விழப்போகிறது என்று எழுதினால்தான் பொறியாளர் வண்டியை எடுப்பார். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால் குடிநீர்ப் பஞ்சம் என்போம், தெருவில் ஒரு பள்ளம் இருந்தால் உயிர்ப்பலி என்போம். நானும் எழுதியிருந்தேன். 'மேற்படி கட்டடம் முற்றிலும் பயன்படுத்தத் தகுதியற்ற நிலையிலும், எந்நேரமும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையிலும் உள்ளதால், உடனடி நடவடிக்கை எடுக்குமாறு.' தாழ்ப்பாள் என்ற சொல் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. அது கடிதத்தின் தரத்தைக் குறைத்துவிடும் என்று நான்தான் எடுத்துவிட்டேன். நூற்றெண்பது பேர் மனுவைக் கடிதத்தோடு இணைக்கவும் மறந்திருந்தேன். அது அலுவலகத்தில் என் இழுப்பறையில் இருந்தது.

மினிட்ஸ் என்னைக் குத்திக்காட்டவில்லை. "உயிருக்கு ஆபத்துன்னு கவுன்சிலரே எழுதிக் குடுத்தா, இன்ஜினியர் இடிக்காம என்னம்மா பண்ணுவார்?" என்று மட்டும் கேட்டார். நிறுத்த வழி இருக்கிறதா என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நிறைவேறிய தீர்மானத்தை அறுபது நாளுக்குள் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அடுத்த கூட்டம் வியாழக்கிழமை. படிவத்தின் முதல் வரியை அவைக்கு நடுவில் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். 'மேற்கண்ட தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த உறுப்பினராகிய நான்.'

அந்த வரியை விட்டுவிட்டு வாசிக்கலாமா என்று கேட்டேன். கேட்டதற்கு இப்போதும் கூசுகிறது.

"அதுதாம்மா விதியே. எதுத்து ஓட்டுப் போட்டவங்க கேக்க முடியாது. தோத்தவங்க கூட்டத்துக்குக் கூட்டம் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தா சபை எப்படி நடக்கும்? ஜெயிச்சவங்கள்ல ஒருத்தர்தான் நான் பண்ணினது தப்புன்னு எழுந்திருக்கணும்."

படியிறங்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. சந்தையில் சொல்வதுபோல் நான் நிஜமாகவே மேஜையைத் தட்டி எதிர்த்திருந்தால் கட்டடம் போனது போனதுதான், என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நான் கை தூக்கியதால்தான் அதைக் காப்பாற்ற முடியும். ஆனால் கை தூக்கினேன் என்று சொன்னால்தான் முடியும்.

எனக்கு முதலில் தோன்றியது குறுக்கு வழிதான். கை தூக்கியது நான் மட்டுமா, முப்பத்தாறு பேரும்தானே? பக்கத்து வார்டு உறுப்பினர் பேக்கரி வைத்திருப்பவர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், நல்ல மனுஷர். கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, நீங்கள் எழுந்து கேட்கிறீர்களா அண்ணா என்றேன். ஏன் உனக்கு என்ன என்றுகூடக் கேட்கவில்லை, சரி என்று படிவத்தை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பெரிய பாரம் இறங்கியது. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு காட்சி கண்முன் வந்தது. சந்தைக்கு நடுவில் பேக்கரிக்காரர் நிற்கிறார். டீக்கடைக்காரர் அவருக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொடுக்கிறார். வெங்காயக்கார அக்கா அவர் கையின்மேல் தன் கையை வைக்கிறாள். என் வார்டு, என் அக்கா, என் கழிப்பறை. மறுநாள் விடிந்ததும் போய்ப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மனசாட்சி உறுத்தியதால் வாங்கினேன் என்று எழுத ஆசைதான். பொறாமையால்தான் வாங்கினேன்.

அப்போதும் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. வியாழக்கிழமை சந்தையில் சரக்கு வந்து இறங்கும் நாள், ஒருத்தியும் கடையை விட்டு அசைய மாட்டாள். பார்வையாளர் மாடத்தில் மின்விசிறிக் காற்றுக்காக வந்து தூங்கும் இரண்டு கிழவர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். படிவத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டால் முடிந்தது. உண்மையைச் சொன்ன மாதிரியும் இருக்கும், யார் காதிலும் விழாத மாதிரியும் இருக்கும். புதன்கிழமை அக்காவிடம் போய், அந்தத் தீர்மானத்தை நாளைக்குக் கூட்டத்தில் மறுபடி எடுக்கிறேன் என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள், அந்தப் பார்வையில் இருந்த பெருமையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், வாசலில் அதைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவர் இதற்குச் சிரிக்கவில்லை.

"அளவு எடுக்காம ஒரு துணியிலயாவது கத்தரி வெச்சிருக்கியா நீ?" என்றார்.

இல்லை என்றேன். கை தூக்கியதைச் சந்தையில் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். கூட்டம் முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். அவர் ஏற்கெனவே கழுவி முடித்த சக்கரத்தையே திரும்பக் கழுவ ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. இரண்டாம் தீர்மானம் ஓடிக்கொண்டிருக்கும்போது மாடத்துக் கதவு திறந்தது. முன்னால் வெங்காயக்கார அக்கா, பின்னால் முட்டைக்காரம்மா, மீன்காரம்மா, பழக்கடை அக்கா தங்கை இரண்டு பேர், உருளைக்கிழங்குக் கடையின் புது மருமகள். ஆறு பேரும் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள். சரக்கு வரும் நாளில் கடையை மூடிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். காவலாளி கைதட்டக் கூடாது, பேசக் கூடாது என்று அவர்களிடம் சொல்வது தெரிந்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். அக்கா என்னைத் தேடிக் கண்டுபிடித்து, தைரியமாகப் பேசு என்பதுபோல் மோவாயை உயர்த்தினாள்.

என் முறை கடைசியில்தான் வரும். மூன்று மணி நேரம். வரி, சாக்கடை, பூங்காவுக்கு வேலி. ஒவ்வொரு தீர்மானம் முடியும்போதும் அடுத்தது இன்னும் நீளமாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உடம்பு சரியில்லை என்று எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் இருபத்தைந்தாம் தேதி வந்துவிடும். மாடத்தில் தண்ணீர் ஜாடியும் டம்ளர்களும் வைத்திருந்தார்கள். ஆறு பேரில் ஒருவரும் அதைத் தொடவில்லை. பிறகு புது மருமகள் காலை மாற்றி மாற்றி உட்கார ஆரம்பித்தாள். அது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

தலைவர் என் பெயரைச் சொன்னார். எழுந்து படிவத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரே மூச்சில் முணுமுணுத்தேன்.

"ஒண்ணும் கேக்கலைம்மா. மைக்கைப் பக்கத்துல வெச்சு வாசிங்க" என்றார் தலைவர்.

மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன். 'தீர்மானம் எண் முப்பத்தொன்றுக்கு ஆதரவாக வாக்களித்த உறுப்பினராகிய நான்' என்று அது கூரை வரை போய்த் திரும்பி வந்தது. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கடிதம் கொடுத்ததும் நீங்கள், கை தூக்கியதும் நீங்கள், இப்போது வேண்டாம் என்பதும் நீங்களா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கேள்வி நியாயமானது. காரணத்தைச் சொல்லச் சொன்னார் தலைவர். கட்டடத்தின் உறுதித்தன்மை குறித்து மறு ஆய்வு தேவைப்படுவதாக ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். படிவத்தின் பின்பக்கத்தில் அழகாக எழுதியும் வைத்திருந்தேன். அதைத் திருப்பினேன். எழுத்து கண்ணில் தெரியவில்லை.

"நான் படிக்கலைங்க" என்றேன். "படிக்காம கையத் தூக்கிட்டேன். அந்தப் பொம்பளைங்க மூணு தாழ்ப்பாள் கேட்டாங்க. நான்தான் இடிஞ்சு விழுதுன்னு எழுதினேன். அப்புறம் சந்தையில போய், நான் எதுத்தேன்னு அவங்கள நம்ப விட்டேன்."

கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்கவில்லை, படிவத்தில் அதற்கு வரியும் இல்லை. மினிட்ஸ் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் நிமிர்ந்து நான் பார்த்தது அன்று ஒரு தரம்தான். மாடத்தைப் பார்க்காமல் இருக்க என்னவெல்லாமோ செய்தேன், முடியவில்லை. முட்டைக்காரம்மாவின் வாய் திறந்திருந்தது. பழக்கடைக்காரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பையின் காதுகளைச் சேர்த்துப் பிடித்து, அதிலேயே கண்ணாக இருந்தாள்.

மறுபரிசீலனைக்கு ஆதரவாக இருப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். பேக்கரிக்காரர் முதலில் தூக்கினார். நானும் தூக்கினேன், அதே வலது கை. மினிட்ஸ் பென்சிலால் காற்றில் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணினார். பத்தொன்பது. எதிர்த்துப் பதினான்கு. மூன்று பேர் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தார்கள். இடிப்பது அடுத்த கூட்டம்வரை நிறுத்திவைக்கப்படும், பொறியாளர் நேரில் பார்த்து அறிக்கை தருவார் என்று முடிவாயிற்று. பொறியாளர் என்ன எழுதுவாரோ, அடுத்த கூட்டத்தில் எத்தனை கை தூக்குமோ, தெரியாது. யாரும் கைதட்டவில்லை. கைதட்டக் கூடாது என்று அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தார்களே.

வெளியே வந்தபோது ஆறு பேரும் நடைக்கூடத்தில் சுவரோரமாக நின்றிருந்தார்கள். எனக்காக நின்றார்கள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். முட்டைக்காரம்மா யாரையும் பார்க்காமல், கீழே பூட்டியிருக்கு என்றாள். பொதுமக்களுக்கான கழிப்பறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. பழுது என்று ஓர் அட்டை அதில் நான் மன்றத்துக்கு வந்த நாளிலிருந்து தொங்குகிறது. காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். இப்போது மணி ஒன்றரை.

பெண் உறுப்பினர்களுக்கென்று மாடியில் ஒரு கழிப்பறை உண்டு. ஒரே அறை. எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி. பதவியேற்ற நாளில் அந்தச் சாவியைக் கொடுத்தபோது எனக்கு இருந்த பெருமிதத்தைச் சொன்னால் வெட்கக்கேடு, வீட்டுக்குப் போய் மகளிடம் காட்டினேன். வாசனை சோப்பு, கண்ணாடி, கை துடைக்கக் காகிதம். பையிலிருந்து சாவியை எடுத்து முன்னால் நடந்தேன். பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. செருப்புச் சத்தம் கேட்டது, வந்தார்கள். உறுப்பினர்கள் மட்டும் என்று எழுதிய கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினேன்.

புது மருமகள்தான் முதலில் ஓடினாள். ஓடும்போதே பையை என் கையில் திணித்தாள். பழக்கம்தான், வெளியே நிற்பவளிடம் பையைக் கொடுப்பது. அவள் வந்ததும் பையை வாங்கிக்கொண்டு அடுத்தவள். ஒவ்வொருத்தியாகப் பையைக் கொடுத்தார்கள், வந்து வாங்கிக்கொண்டார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டைக்காரிக்கும் காவல் உண்டு என்ற அந்தச் சந்தை வழக்கத்தில் என்னையும் சேர்த்திருந்தார்கள். நடுவில் இன்னொரு பெண் உறுப்பினர் சாவியோடு வந்து, வெளியாட்களை எப்படி உள்ளே விடலாம் என்று முகம் சுளித்தார். ஆள் இருக்காங்க, கொஞ்சம் நில்லுங்க என்றேன். அவர் நிற்கவில்லை.

கடைசியில் அக்கா. மற்றவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போய்விட்டார்கள். நடைக்கூடத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. "அக்கா" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தரமாக அவளிடம் பேச எனக்கு ஒரு தயாரித்த வரி தேவைப்பட்டது.

அவள் பையை நீட்டினாள்.

"பிடிங்க" என்றாள்.

நாலு பேர் நடுவில் சொல்கிற நீங்க. அங்கே நாலு பேர் இல்லை. பையை வாங்கிக்கொண்டேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது, கனமான, நல்ல தாழ்ப்பாள், ஒரே இழுப்பில் நச்சென்று விழுகிறது. இந்தக் கதவை யாரும் வெளியிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை. நான் ஒரு கையில் பையை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். பையில் வெங்காய வாசனை அடித்தது. உள்ளே குழாய் திறந்தது, நின்றது. அவள் 'இருக்கியா?' என்று கேட்டுவிட்டால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்று காதைக் கதவோடு வைத்துக்கொண்டு நின்றேன்.